கச்சா எண்ணெய், தேவை, அளிப்பு: வகுப்பில் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள்

கச்சா எண்ணெயின் பயன்களையும் அதன் விலை ஏறி இறங்கும் விதத்தையும் பள்ளியில் நடத்தும் ஆசிரியர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் ஐயங்களைத் தொகுத்திருக்கிறோம். அறிவியல் ஆசிரியர் விலைப் பகுதியில் தடுமாறுகிறார், பொருளியல் ஆசிரியர் வேதியியல் பகுதியில் தடுமாறுகிறார். அதனால் இரண்டையும் அடிப்படையிலிருந்தே சொல்லியிருக்கிறோம். வரிசையாகப் படிப்பது நல்லது. 6ஆம் கேள்விக்குப் பிறகு வரும் பதில்கள் பலவும் அங்கே சொல்லப்பட்ட சீட்டு விளையாட்டை வைத்தே நகர்கின்றன.

1. இதற்கு எத்தனை பீரியட் ஒதுக்கணும்? பயன்களை முதலில் நடத்துவதா, விலையை முதலில் நடத்துவதா?

45 நிமிட வகுப்பு நான்கு போதும். எண்ணெய் கிடைப்பதும் பிரிப்பதும் ஒன்று, பயன்கள் ஒன்று, தேவையும் அளிப்பும் இரண்டு. கடைசி இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு வாரம் போய்விட்டால் விளையாட்டில் கிடைத்த எண்கள் மாணவர்களுக்கு மறந்துவிடும்.

பயன்கள்தான் முதலில் வர வேண்டும். எந்தப் பயனுக்கு மாற்று உடனே கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான், விலை ஏறினாலும் மக்கள் ஏன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது புரியும்.

2. பெட்ரோல், டீசல் தவிர எண்ணெய் எதற்கெல்லாம் பயன்படுகிறது? பட்டியல் போட்டால் பசங்க கொட்டாவி விடுகிறார்கள்.

பட்டியல் போடாதீர்கள். ஒவ்வொருவரும் கையில் இருக்கும் பேனாவை எடுக்கட்டும். சாதாரண பால்பாயின்ட் பேனாவின் கண்ணாடி போன்ற உடல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். மூடி பாலிபுரொப்பிலீன். உள்ளே இருக்கும் மைக்குழாயும் பிளாஸ்டிக்தான். மையில் இருக்கும் சாயம், கரைப்பான், பிசின் பெரும்பாலும் பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வருபவை. எண்ணெயிலிருந்து வராதது பித்தளை முனையும் அதில் சுழலும் டங்ஸ்டன் கார்பைடு குண்டும் மட்டுமே. அவற்றை உருக்கவும் கடையவும் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுவரவும் எரிபொருள் செலவானது தனிக் கணக்கு.

பிறகு கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள்: எரிப்பது, பொருளாக மாற்றுவது, அப்படியே பூசுவது அல்லது நிரப்புவது. விமான எரிபொருள், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு, கப்பல் எண்ணெய் முதல் கட்டத்தில் வரும். கச்சாவைப் பிரிக்கும்போது வரும் லேசான திரவமான நாப்தாவிலிருந்து கிடைக்கும் எத்திலீன், புரொப்பிலீன், பென்சீன் வழியாக வரும் பிளாஸ்டிக், பாலியஸ்டர், நைலான், செயற்கை ரப்பர், சலவைப் பொடி, பல மருந்துகளின் மூலப்பொருள் எல்லாம் இரண்டாவது கட்டம். சாலைத் தார், மசகு எண்ணெய், மெழுகுவத்தியின் பாரஃபின் மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி மூன்றாவது.

இதைக் கேட்டதும் எண்ணெயில் பெரும்பகுதி பிளாஸ்டிக்குக்குப் போகிறது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு. உலகில் பயன்படும் எண்ணெயில் பாதிக்கு மேல் போக்குவரத்துக்கே போகிறது. பெட்ரோலிய வேதிப்பொருள்களுக்குப் போவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மூன்று கட்டங்களையும் ஒரே அளவில் வரையாமல் முதல் கட்டத்தைப் பெரிதாக வரைந்தாலே இந்தக் குழப்பம் பாதி குறையும்.

3. பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி மாதிரி கிடக்கிறது என்றே எல்லாரும் படம் வரைகிறார்கள். எப்படித் திருத்துவது?

எண்ணெய் பாறையின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. மேலே அடர்த்தியான இன்னொரு பாறை மூடியிருப்பதால் அது மேலேறித் தப்பாமல் நிற்கிறது. இதை அரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் காட்டலாம். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அடிவரை நிறுத்திவைத்து, பட்டாணி அளவுக் கூழாங்கற்களை முக்கால் ஜாடிக்கு நிரப்புங்கள். 100 மி.லி. தாவர எண்ணெயை ஊற்றினால் அது கற்களுக்கிடையே மறைந்துவிடும். குழாயில் 20 மி.லி. சிரிஞ்சைப் பொருத்தி உறிஞ்சி, வந்ததை அளவு உருளையில் ஊற்றுங்கள். 100 மி.லி.யும் திரும்பி வராது.

அடுத்து 100 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும். இந்த இடத்தில்தான் செய்முறை பலருக்குச் சொதப்புகிறது: குழாயின் நுனி அடியிலேயே இருந்தால் வெறும் தண்ணீர்தான் வரும். நுனியை எண்ணெய்ப் படலம் வரை மேலே இழுத்துவிட்டு உறிஞ்ச வேண்டும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் கல்லில் ஒட்டியிருந்ததிலும் கொஞ்சம் விடுபடும்.

எண்ணெய் வயல்களிலும் இதே வரிசைதான். முதலில் இயற்கை அழுத்தம், பிறகு தண்ணீர் செலுத்துதல், அதன் பிறகு வெப்பம், வாயு, வேதிப்பொருள். அப்படியும் பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடச் செலவு கூடியது என்பதை மாணவர்களின் குறிப்பேட்டில் ஏற்றிவிடுங்கள். 15ஆம் கேள்வியில் இது தேவைப்படும்.

4. ஒரு பீப்பாய் என்றால் எத்தனை லிட்டர்? அதில் பெட்ரோல் எவ்வளவு கிடைக்கும்?

ஒரு பீப்பாய் 42 அமெரிக்க காலன், அதாவது சுமார் 159 லிட்டர். பெட்ரோலின் பங்கு கச்சாவின் வகையையும் சுத்திகரிப்பு ஆலையின் அமைப்பையும் பொறுத்தது. பெட்ரோலுக்கு முன்னுரிமை தரும் அமெரிக்க ஆலைகளில் ஏறத்தாழ 70 லிட்டருக்கு மேல் வருகிறது. டீசலை நாடும் ஆலைகளில் அதைவிடக் குறைவு. அமெரிக்க ஆலைகளில் ஒரு பீப்பாயிலிருந்து வரும் எல்லாப் பொருள்களையும் கூட்டினால் சுமார் 170 லிட்டர் ஆகும். இதைப் பார்த்து மாணவர்கள் குழம்புவது நியாயம்தான். நீளச் சங்கிலிகளை உடைத்து, ஹைட்ரஜனும் சேர்க்கும்போது அடர்த்தி குறைந்த திரவங்கள் உருவாகின்றன. கன அளவு கூடுகிறது, எடை அப்படிக் கூடுவதில்லை.

பெட்ரோல் மட்டும் வேண்டும், மற்றது வேண்டாம் என்று ஆலையிடம் சொல்ல முடியாது. விகிதத்தை ஓரளவு மாற்றலாம், அவ்வளவே.

5. கச்சாவைச் சூடாக்கிப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் பின்னக் காய்ச்சி வடித்தலை வகுப்பிலேயே செய்து காட்டலாமா?

கச்சா எண்ணெயை வகுப்பில் சூடாக்க வேண்டாம். எளிதில் தீப்பற்றும் ஆவி, பென்சீன் போன்ற நச்சு, இரண்டும் உண்டு. நிறமிட்ட திரவங்களைக் கண்ணாடிக் குவளையில் அடுக்கடுக்காக ஊற்றிக் காட்டும் வழக்கமும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கச்சாவில் பெட்ரோலும் டீசலும் தனித்தனி அடுக்காக மிதக்கின்றன என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். அவை ஒன்றோடொன்று கரைந்தே இருக்கின்றன.

ஜெம் கிளிப் போதும். ஒரு கிளிப் ஒரு கார்பன். ஒன்று முதல் நான்கு வரை கோத்தது வாயு. ஐந்து முதல் பன்னிரண்டு வரை நாப்தாவும் பெட்ரோலும். பத்து முதல் பதினாறு வரை மண்ணெண்ணெய், அதற்கு மேல் இருபது வரை டீசல், அதையும் தாண்டினால் மசகு எண்ணெயும் தாரும். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், அதை மறைக்காதீர்கள். எல்லாச் சங்கிலிகளையும் ஒரு பெட்டியில் குலுக்கிப் போட்டு, காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் எந்தத் தட்டில் எது ஒடுங்கும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அடியில் சுமார் 350 டிகிரி செல்சியஸ், மேலே போகப் போகக் குளிர்ச்சி. நீளச் சங்கிலி கீழேயே திரவமாகிவிடும். நீளச் சங்கிலியை உடைக்கும் கிராக்கிங்கைக் காட்ட, பத்துக் கிளிப் சங்கிலியை எட்டாகவும் இரண்டாகவும் பிரிக்கலாம். டெக்கேன் உடைந்து ஆக்டேனும் எத்திலீனும் ஆகிறது. எட்டு எரிபொருளுக்கு, இரண்டு பிளாஸ்டிக்குக்கு.

6. தேவை, அளிப்பு, சமநிலை விலை மூன்றையும் வரைபடம் போடாமல் முதலில் எப்படிக் காட்டுவது?

இருபது சீட்டு எழுதுங்கள். பத்து விற்பனையாளர் சீட்டு: உற்பத்திச் செலவு 10, 20, 30 என்று 100 புள்ளி வரை. பத்து வாங்குபவர் சீட்டு: எண்ணெயின் மதிப்பு 110, 100, 90 என்று 20 புள்ளி வரை. ஒரு சீட்டுக்கு ஒரு பீப்பாய். சீட்டை யாரும் பிறருக்குக் காட்டக் கூடாது. விற்பனையாளர் தன் செலவுக்குக் கீழே விற்கக் கூடாது, வாங்குபவர் தன் மதிப்புக்கு மேலே வாங்கக் கூடாது. விலைக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் விற்பனையாளருக்கு மதிப்பெண், மதிப்புக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவருக்கு. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஒரு சீட்டுக்கு இருவர்.

ஐந்து நிமிடச் சுற்று. விலையைச் சத்தமாகச் சொல்லி, எல்லாரும் கேட்கவே பேரம் பேச வேண்டும். முடிந்த ஒவ்வொரு விலையையும் பலகையில் எழுதுங்கள். அதே சீட்டுகளை வைத்து மூன்று, நான்கு சுற்று நடத்துங்கள். முதல் சுற்றில் விலை சிதறிக் கிடக்கும், போகப் போக 60ஐச் சுற்றி நெருங்கும். பிறகு சீட்டுகளைத் திருப்பிக் காட்டி எண்ணச் சொல்லுங்கள்: 60 புள்ளியில் விற்கத் தயாரானவர் ஆறு பேர், வாங்கத் தயாரானவரும் ஆறு பேர். இதுதான் சமநிலை விலை. 70 என்றால் விற்பவர் ஏழு, வாங்குபவர் ஐந்து. 50 என்றால் தலைகீழ். இதைப் புள்ளி வைத்து வரைந்தால் வரைபடம் தானாக வந்துவிடும்.

7. நாங்கள் நடத்தியபோது விலை 60 பக்கமே வரவில்லை. ஒன்பது, பத்து வியாபாரம்கூட நடந்துவிட்டது. என்ன தவறு?

மாணவர்கள் மூலைக்கு மூலை தனியாகப் பேசி முடித்திருப்பார்கள். 110 சீட்டு வைத்திருப்பவர் 100 செலவுக்காரரிடம் 105க்கு வாங்கலாம், 20 சீட்டுக்காரர் 10 செலவுக்காரரிடம் 15க்கு வாங்கலாம். இப்படியே ஜோடி சேர்ந்தால் பத்து வியாபாரமும் நடந்துவிடும், பொது விலை என்று ஒன்று உருவாகாது. 1948இல் எட்வர்ட் சேம்பர்லின் ஹார்வர்டு மாணவர்களைத் தனித்தனியாகப் பேரம் பேச விட்டபோது சமநிலையைவிட அதிக வியாபாரம்தான் நடந்தது. வெர்னன் ஸ்மித் அதையே குரல்விட்டு ஏலம் கேட்கும் முறைக்கு மாற்றி, பல சுற்று நடத்தி, விலை சமநிலையை நோக்கி வருவதை 1962இல் வெளியிட்டார். 2002இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, குரல்விட்டுக் கேட்பதும் பல சுற்று நடத்துவதும் அலங்காரம் இல்லை.

வியாபாரம் ஐந்தோடு நின்றால் அதற்குக் காரணம் வேறு. 60 செலவுக்காரருக்கும் 60 மதிப்புக்காரருக்கும் லாபம் பூஜ்யம், அதனால் அக்கறை வராது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

8. ‘விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும், அப்போ விலை ஏறவே ஏறாதா?’ என்று ஒரு மாணவி கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

கெட்டிக்காரக் கேள்வி. அவள் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே சொல்லால் குறிக்கிறாள். விலை 60இலிருந்து 80 ஆனதும் 70 சீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்கிறார். அவர் சீட்டு மாறவில்லை, வாங்கும் அளவுதான் குறைந்தது. வரைபடத்தில் இது அதே தேவைக் கோட்டின் மேல் நடக்கும் நகர்வு. 70 சீட்டையே கட்டிலிருந்து எடுத்துவிட்டால் அதுதான் தேவை குறைவது. அப்போது கோடே இடம் மாறும்.

முதலாவதை ‘வாங்கும் அளவு குறைந்தது’ என்றும் இரண்டாவதை ‘தேவை குறைந்தது’ என்றும் நீங்களே கறாராகப் பிரித்துச் சொல்லிவந்தால் பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள். ஆசிரியர் நாக்கு தவறும் இடம் இதுதான்.

9. அளிப்பு அதிர்ச்சி, தேவை அதிர்ச்சி இரண்டையும் அதே விளையாட்டில் காட்ட முடியுமா?

முடியும். இந்தப் பாடத்தில் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள். முதலில் 10, 20, 30 செலவுச் சீட்டுகளைப் பிடுங்கிவிடுங்கள், பெரிய வயல் ஒன்று மூடப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். விலை 70க்கும் 80க்கும் இடையே போகும், வியாபாரம் நான்காகும். மூன்று பீப்பாய் போனதே, வியாபாரம் ஏன் மூன்றாகவில்லை? விலை ஏறியதால், முன்பு விற்க முடியாத 70 செலவுக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது 110, 100, 90, 80 மதிப்புச் சீட்டுகளை எடுங்கள். விலை 40க்கு இறங்கும், வியாபாரம் மறுபடி நான்குதான். இரண்டு அதிர்ச்சியிலும் விற்ற அளவு நான்கு, விலையோ எதிரெதிர்த் திசையில். விலையை மட்டும் பார்த்தாலும் காரணம் தெரியாது, அளவை மட்டும் பார்த்தாலும் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். விலை ஏறி அளவு குறைந்தால் அளிப்புப் பக்கம், இரண்டும் சேர்ந்து இறங்கினால் தேவைப் பக்கம்.

10. உலக அளிப்பில் கொஞ்சம் குறைந்ததற்கே விலை ஏன் இரட்டிப்பாகிறது?

வாங்குபவர் சீட்டுகளை மட்டும் மாற்றுங்கள்: 200, 190, 180, 170, 160, 150, பிறகு 40, 30, 20, 10. முதல் ஆறு பேரும் எண்ணெய் இல்லாமல் நாளை வேலைக்குப் போக முடியாதவர்கள். விற்பனையாளர் சீட்டு பழையபடியே. விலை 60க்கும் 70க்கும் இடையே நிற்கும், ஆறு வியாபாரம். மூன்று மலிவான விற்பனையாளரை எடுத்தால் விலை 90 முதல் 100, வியாபாரம் அதே ஆறு. இன்னும் இருவரை, 40ஐயும் 50ஐயும், எடுங்கள். விற்பவர் ஐந்து, கட்டாயம் வேண்டியவர் ஆறு. விலை 150க்கும் 160க்கும் இடையே எகிறும். வாங்க முடிந்த அளவு குறைந்ததோ ஒரே ஒரு பீப்பாய்.

இதுதான் நெகிழ்ச்சி குறைந்த தேவை. குறுகிய காலத்தில் 10 சதவீத விலையேற்றத்துக்கு எண்ணெய்ப் பயன்பாடு ஓரிரு சதவீதமே குறைகிறது. இருக்கும் வண்டியைத்தான் ஓட்டியாக வேண்டும். ஆனால் ‘எண்ணெய்த் தேவை நெகிழாது’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். 1973, 1979 விலையேற்றங்களுக்குப் பிறகு மின்நிலையங்கள் நிலக்கரிக்கும் அணுசக்திக்கும் மாறின, கார்கள் சிக்கனமாயின. 1979க்கும் 1983க்கும் இடையே உலகப் பயன்பாடு குறையவே செய்தது. காலம் கொடுத்தால் நெகிழும்.

11. வகுப்பில் அலச எந்த உண்மை நிகழ்வுகள் நல்லவை?

மூன்று போதும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் உற்பத்தியை வெட்டின, அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு ஏற்றுமதியை நிறுத்தின. சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. வெட்டு உலக உற்பத்தியில் பத்து சதவீதத்துக்கும் குறைவுதான், 10ஆம் கேள்வியின் சீட்டுக்கட்டை நினைவுபடுத்துங்கள். 2014 நடுப்பகுதியில் 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அப்போது உலகப் பயன்பாடு கூடிக்கொண்டிருந்தது, அமெரிக்காவில் ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அதைவிட வேகமாகக் கூடியது. விலை இறங்கி அளவு கூடினால் அளிப்பு பெருகியதாக அர்த்தம். 2020 ஏப்ரலில் ஊரடங்குகளால் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாயாக இருந்த பயன்பாடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது, விலையும் சரிந்தது. தேவைப் பக்கம்.

நிகழ்வின் பெயரைச் சொல்லாமல் விலை, அளவு இரண்டின் திசையை மட்டும் கொடுத்து, எந்தக் கோடு நகர்ந்தது என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால் மனப்பாடம் பதில் சொல்லிவிடும். 2008 ஜூலையில் விலை 147 டாலரைத் தொட்டதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதில் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

12. விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது என்கிறார்களே, பணம் கொடுத்து எண்ணெயும் கொடுத்தார்களா?

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா வகையான டபிள்யூ.டி.ஐ.யின் மே மாத முன்பேர ஒப்பந்தம் (பின்னால் பெறப்போகும் எண்ணெய்க்கு முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தம்) பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தைக் கடைசிவரை கையில் வைத்திருப்பவர் ஒக்லஹோமாவின் குஷிங்கில் எண்ணெயை நிஜமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் மறுநாள் காலாவதி. குஷிங்கில் காலியாக இருந்த தொட்டிகளும் ஏற்கெனவே வாடகைக்குப் பேசப்பட்டிருந்தன. எண்ணெயை வைக்க இடமில்லாதவர்கள் பணம் கொடுத்தாவது ஒப்பந்தத்தைக் கைமாற்றிவிட முயன்றார்கள்.

அது ஓர் இடத்தின், ஒரு மாதத்தின் ஒப்பந்த விலை. கடல்வழியாகக் கப்பலில் ஏற்றிப் போகக்கூடிய பிரென்ட் வகை அன்று பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை.

13. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக் நினைத்தால் எந்த விலையையும் வைத்துவிடலாம்தானே?

இல்லை. ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஐந்தும் 1960 செப்டம்பரில் பாக்தாதில் தொடங்கிய அமைப்பு அது. உறுப்பு நாடுகள் உற்பத்தி அளவைத்தான் பேசி முடிவெடுக்க முடியும், விலை அதன் விளைவு. வெட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கூடுதலாக விற்றுக்கொள்ளும் ஆசை ஒவ்வொருவருக்கும் உண்டு. விலையை ஏற்றினால் வெளியே இருக்கும் செலவுகூடிய உற்பத்தியாளர் உள்ளே வருவார், 9ஆம் கேள்வியில் 70 செலவுக்காரர் வந்ததுபோல.

1980களே இதற்குச் சாட்சி. விலையைத் தாங்கிப் பிடிக்க சவூதி அரேபியா தன் உற்பத்தியை நாளொன்றுக்குச் சுமார் 1 கோடி பீப்பாயிலிருந்து 1985இல் 30 லட்சத்துக்கும் கீழே இறக்கியது. வடகடல் போன்ற இடங்களின் எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இனித் தாங்காது என்று உற்பத்தியைக் கூட்டியதும் 1986இல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது.

14. ஒரு பீப்பாய்கூடக் குறையாத நேரத்தில், செய்தி வந்ததுமே விலை ஏறுவது ஏன்?

நாளை குறையும் என்று நினைப்பவர் இன்றே வாங்கி வைக்கிறார், விற்க வேண்டியவர் நாளைக்காகப் பிடித்து வைக்கிறார். தேவை இன்று கூடுகிறது, அளிப்பு இன்று குறைகிறது. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹார்முஸ் நீரிணை வழியாக 2023இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் போனது, உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மாற்றுக் குழாய்ப் பாதைகள் அதில் ஒரு பகுதியையே தாங்கும். அந்தப் பக்கம் பதற்றம் என்றாலே சந்தை ஏன் துள்ளுகிறது என்பதற்கு இதுவே போதும்.

விளையாட்டில் காட்ட, ஒரு சுற்றுக்கு முன் ‘அடுத்த சுற்றில் மூன்று விற்பனையாளர் போகலாம்’ என்று மட்டும் சொல்லி, வாங்கியதை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். இந்தத் துள்ளலைத் தணிக்கத்தான் கையிருப்பு. 1974இல் உருவான சர்வதேச எரிசக்தி முகமை, உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை வைத்திருக்க வேண்டும் என்கிறது.

15. ‘இன்னும் 50 வருஷத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும்’ என்று சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். அந்த 50, நிரூபிக்கப்பட்ட இருப்பை அந்த ஆண்டின் உற்பத்தியால் வகுத்த ஈவு. 1980இல் அதே வகுத்தல் சுமார் 30 ஆண்டு என்றது, 2020இல் 50ஐத் தாண்டியது. நாற்பது ஆண்டு எடுத்துப் பயன்படுத்திய பிறகும் எண் கூடியிருக்கிறது. காரணம், இருப்பு என்பது பூமிக்குள் இருக்கும் மொத்த எண்ணெய் இல்லை. இன்றைய விலையிலும் தொழில்நுட்பத்திலும் லாபமாக எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே. விலை ஏறினால், 3ஆம் கேள்வியின் ஜாடியில் கல்லில் ஒட்டியிருந்த எண்ணெயும் கணக்கில் சேரும். கனடாவின் எண்ணெய் மணலும் வெனிசுவேலாவின் கனரக எண்ணெயும் அப்படிச் சேர்ந்தவையே.

அதற்காக முடிவில்லாதது என்றும் சொல்லக் கூடாது. எளிதானது முதலில் போகிறது, மிஞ்சுவது செலவு கூடியது.

16. கச்சா விலை பாதியானாலும் பெட்ரோல் பங்க்கில் விலை பாதியாவதில்லை. ஏமாற்றா?

முதலில் கணக்கு. 100 புள்ளி விலையில் கச்சா 50, சுத்திகரிப்பு 10, போக்குவரத்தும் விற்பனையாளர் பங்கும் 10, நிலையான வரி 30 என்று வையுங்கள். கச்சா பாதியானால் 25, மொத்தம் 75. பாதிக்குப் பாதி குறைந்தது கச்சாவில், கால்வாசி குறைந்தது பெட்ரோல் பங்க்கில். வரி சதவீதமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும், அரசு அந்த நேரம் பார்த்து வரியை ஏற்றினால் அதுவும் குறையாது. இந்த எண்கள் பயிற்சிக்கானவை. உண்மைப் பங்கீடு நாட்டுக்கு நாடு வேறு.

மேலும் கச்சாவின் விலை டாலரில், பங்க்கில் கொடுப்பது உள்நாட்டுப் பணத்தில். இடையில் நாணய மாற்று விகிதம் இருக்கிறது. தொட்டியில் இருப்பதும் பழைய விலைக்கு வாங்கிய சரக்கு. ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் சில்லறை விலை நகர்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே மாணவர்களின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம்.

17. மின்வாகனம் வந்தால் எண்ணெய்க்கு வேலையே இருக்காது என்று வாதாடுகிறார்கள். எப்படி எதிர்கொள்வது?

2ஆம் கேள்வியின் மூன்று கட்டத்தை மறுபடி வரைந்து, மின்வாகனம் எதை அழிக்கிறது என்று கேளுங்கள். கார் பெட்ரோல் குறையும். விமானம், பெருங்கப்பல், பிளாஸ்டிக் மூலப்பொருள், தார் அப்படியே நிற்கும். பெட்ரோல் பெரிய பங்கு என்பதால் மொத்தத் தேவையில் பாதிப்பு நிச்சயம் உண்டு, ஆனால் எல்லாம் போய்விடாது.

நன்றாகப் படிக்கும் வகுப்புக்கு ஒரு படி மேலே: 4ஆம் கேள்வியில் சொன்னபடி ஒரே பீப்பாயிலிருந்து எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பெட்ரோல் மட்டும் விலைபோகாவிட்டால் விமான எரிபொருளின் விலை என்னவாகும்? பீப்பாயின் செலவை மற்ற பொருள்கள் சுமக்க வேண்டிவரும், ஆலைகள் பெட்ரோல் பின்னத்தை வேதிப்பொருளாக மாற்றப் பார்க்கும். இதற்கு ஒரே பதில் கிடையாது, காரணம் சொல்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

18. புரிந்ததா, மனப்பாடமா என்று தேர்வில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று கேள்வி தருகிறோம். முதலாவது: புதிய வயல்கள் திறக்கின்றன, அதே ஆண்டில் விமானப் பயணமும் பெருகுகிறது. விலையும் அளவும் என்ன ஆகும்? அளவு கூடும். விலை எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. ‘விலை ஏறும்’ என்று உறுதியாக எழுதியவர் ஒரு கோட்டை மறந்துவிட்டார். இரண்டாவது: ‘விலை இரட்டிப்பானதால் தேவை சரிந்தது, எனவே விலை இனி பழைய நிலைக்கு இறங்கும்’ என்ற வாக்கியத்தில் பிழை என்ன? விடை 8ஆம் கேள்வியில் இருக்கிறது.

மூன்றாவது: முதல் சீட்டுக்கட்டில் 10 செலவுச் சீட்டை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? 100 செலவுச் சீட்டை மட்டும் எடுத்தால்? 10ஐ எடுத்தால் வியாபாரம் ஐந்தாகி, விலை 60க்கும் 70க்கும் இடையே ஏறும். 100ஐ எடுத்தால் ஒன்றும் ஆகாது, 60 புள்ளி விலையில் அவர் விற்கவே இல்லை. ‘விற்பனையாளர் குறைந்தால் விலை ஏறும்’ என்று இரண்டுக்கும் ஒரே விடை எழுதியவர்களுக்குச் சீட்டுகளை மறுபடி கையில் கொடுத்து எண்ண வையுங்கள்.